சோளகக் காற்றுக்கு நடுவே ஸூம் எச் 5: பல வருடப் பாவனைக்குப் பிறகு

வன்னியில் ஒலிப்பதிவுக்கு முதல் எதிரி காற்று. வைகாசியில் சோளகம் எழும்பிவிட்டால் இரணைமடுக் குளக்கட்டில் பக்கத்தில் நிற்பவர் சொல்வதே பாதிதான் கேட்கும். அதனால் கையடக்க றெக்கோடர் வாங்க வேண்டும், எது நல்லது என்று யார் கேட்டாலும், மொடலைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் மைக்கில் மாட்டும் மயிர் உறைக்குக் காசு ஒதுக்குங்கள் என்றுதான் சொல்கிறேன். கறுப்புப் பஞ்சு உறை அறைக்குள் மூச்சுக்காற்றைத் தடுக்கும், அவ்வளவுதான். வெட்டவெளியில் நீளமான செயற்கை மயிர் வைத்த உறை இல்லையென்றால் காற்று மைக்கில் மோதும் இடிதான் பதிவாகும். அந்த இடிக்குள் போன குரலைக் கணினியில் மீட்டெடுக்க முடியாது.

நான் பாவிப்பது ஸூம் எச் 5. 2014இல் வந்த மொடல். தலையில் 90 பாகையில் குறுக்காக வைத்த இரண்டு மைக், கீழே எக்ஸ்எல்ஆர் வயர் (வெளி மைக்குகளின் மூன்று முனை வயர்) செருக இரண்டு வழி, இரண்டு டபிள் ஏ பற்றரி. கூத்தும் பழைய பாட்டுகளும் பதிவு செய்ய, நண்பர்களின் குறும்படங்களுக்கு ஒலி எடுக்க, பொட்காஸ்ட் பேச என்று எல்லாவற்றுக்கும் இந்த ஒன்றுதான். இவ்வளவு காலத்துக்குப் பிறகும் இதில் எனக்கு மிகப் பிடித்தது, ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கக் கையால் திருப்பும் குமிழ்கள் இருப்பது. இருட்டில் மெனுவுக்குள் போய்த் தேட வேண்டியதில்லை.

அதன் அருமை கூத்துக்குப் போனால்தான் தெரியும். முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்து விடியும்வரை போகும். ஒரு பாத்திரம் மெல்லிய குரலில் விருத்தம் இழுத்துக்கொண்டிருக்கும். அது முடிந்த கணத்தில் மத்தளமும் தாளமும் பிற்பாட்டும் ஒன்றாக எழும்பும். விருத்தத்துக்கு ஏற்றபடி அளவை வைத்திருந்தால் அந்த இடத்தில் ஒலி உடைந்துவிடும். இங்கே கைகொடுப்பது எச் 5இல் உள்ள மாற்றுப் பதிவு வசதி. உள்ளே இருக்கும் மைக்குகளின் ஒலியை 12 டெசிபல் குறைந்த அளவில் இன்னொரு கோப்பாகவும் சேர்த்துப் பதிந்துகொண்டே போகும். முதல் கோப்பில் மத்தளம் உடைந்தால் அந்தத் துண்டை மட்டும் இரண்டாவதிலிருந்து எடுத்து ஒட்டலாம். மெனுவுக்குள் மறைந்து கிடப்பதால் பலர் இதைப் போடுவதேயில்லை.

அதைவிட முக்கியம் கருவியை எங்கே வைக்கிறோம் என்பது. கூத்துப் பழக்கும் அண்ணாவியார் ஒருவர் எனக்குச் சொன்னது: "தம்பி, உந்த றெக்கோடரை மத்தளத்துக்குக் கிட்ட வையாதையும், பாட்டு அமுங்கிப் போகும்." அவர் சொன்னதற்கு மேல் எந்தக் கையேடும் எனக்குச் சொல்லித் தரவில்லை. கூத்து ஆடும் களரிக்கு முன்னால் இரண்டு மூன்று மீற்றர் தள்ளி, ஆடுபவரின் தலை உயரத்தில், மத்தளம் இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சற்று ஒதுக்கி ஸ்ராண்டில் நிறுத்துவேன். மைக் செற் கட்டியிருந்தால் ஒலிபெருக்கி பார்க்கும் திசைக்குள் நிற்கக்கூடாது. மைக் செற்காரரோடு நல்ல பழக்கம் இருந்தால் அவருடைய மிக்சரிலிருந்து ஒரு வயரை இழுத்துக் கீழ்வழியில் செருகிவிடலாம். குரல் அங்கிருந்து தெளிவாக வரும், களரியின் உயிர் மேல் மைக்கில் வரும், பிறகு இரண்டையும் கலக்கலாம். மிக்சரிலிருந்து வரும் ஒலி பலமாக இருக்கும் என்பதால் அந்த வழிக்கு 20 டெசிபல் குறைப்பைப் போட மறக்கக்கூடாது.

விடியும்வரை தாங்குமா என்றால் தாங்கும். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் ஸ்ரீரியோ மணிக்கு ஏறத்தாழ 1 ஜிபி. மாற்றுப் பதிவோடு சேர்த்து எட்டு மணி நேரத்துக்கு 17 ஜிபி அளவில் வரும். எச் 5 ஏற்கும் ஆகக் கூடிய மெமரி காட் 32 ஜிபி, அது போதும். கோப்பு 2 ஜிபி ஆனதும் தானாக அடுத்ததற்குத் தாவும். பற்றரி விஷயத்தில், எக்ஸ்எல்ஆரில் செருகிய வெளி மைக் இயங்க 48 வோல்ட் கொடுத்தால் சீக்கிரம் இறங்கிவிடும், உள் மைக் மட்டும் என்றால் கவலையில்லை. பவர் பாங்கை நம்புகிறவர்கள் முதலில் வீட்டில் ஓட விட்டுப் பாருங்கள். சில பாங்குகள் இவ்வளவு குறைந்த மின்சாரம் இழுக்கும்போது தாமாகவே நின்றுவிடும்.

வயதான அம்மாக்களிடம் அருவி வெட்டு, அதாவது நெல் அறுவடைப் பாட்டும் தாலாட்டும் கேட்டுப் பதிவு செய்வது வேறு வகையான வேலை. மாலில் (கொட்டகையில்) அவர்கள் இருக்கும் பாயிலேயே நானும் இருந்து, சின்ன முக்காலியில் துணி மடித்துப் போட்டு, வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் கருவியை வைப்பேன். கையில் பிடிக்கவே மாட்டேன். கையடக்கம் என்று பெயர் இருந்தாலும் எந்த றெக்கோடரும் விரல் உரசும் சத்தத்தை வாங்கும். கிட்ட வைத்தால் அளவைக் கொஞ்சம்தான் கூட்ட வேண்டிவரும், இரைச்சலும் குறையும். ஒப்பாரி என்றால் நான் இன்னும் கவனமாக இருப்பேன். இங்கே அது பழைய பாட்டு மட்டுமில்லை, பாடுகிறவர் தன் பிள்ளையை நினைத்துத்தான் பாடுகிறார். முடிந்த பிறகு ஹெட்போனை அவரிடமே கொடுத்துக் கேட்கவைத்து, வைத்திருக்கலாமா, வேண்டாமா என்று கேட்பேன். வேண்டாம் என்றால் அவர் முன்னாலேயே அழித்துவிடுவேன்.

பொட்காஸ்டுக்கு ஸ்ரூடியோ தேடி அலைய வேண்டாம். அறுவடை முடிந்து நெல் மூடை அடுக்கிய அறை இருந்தால் அதற்குள் போய்ப் பேசிப் பாருங்கள். சீமெந்துச் சுவரில் வரும் எதிரொலி அடங்கியிருக்கும். காற்றாடியை நிறுத்த வேண்டும். தகரக் கூரை என்றால் மாரியில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

குறும்படத்துக்கு 48 கிலோஹெர்ட்ஸ், தொடக்கத்தில் படத்தையும் ஒலியையும் பொருத்த ஒரு கைதட்டு, முடிவிலும் ஒன்று. நீண்ட காட்சியில் கமெராவும் றெக்கோடரும் மெல்ல மெல்ல விலகும், அந்த இரண்டாவது தட்டுத்தான் அதைக் காட்டிக்கொடுக்கும்.

இப்போது எல்லோரும் கேட்பது 32 பிட் ஃபுளோட் பற்றி, அதாவது மெல்லிய ஒலியையும் பெரிய ஒலியையும் ஒரே கோப்பில் உடையாமல் பதியும் முறை பற்றி. ஸூமின் எஃப் 3யிலும் 2024இல் வந்த எச் 1, எச் 4, எச் 6 எசென்ஷியல் வகைகளிலும் அது இருக்கிறது. அளவு வைக்கும் கவலை உண்மையாகவே போய்விடும், தனியாக வேலை செய்பவருக்கு அது பெரிய உதவி. புதிதாக வாங்குகிறவர் அதையே வாங்கட்டும். எசென்ஷியல் வகைகளில் மெனுவைக் குரலில் வாசிக்கும் வசதியும் உண்டு. போரில் பார்வை இழந்த எத்தனையோ பேர் நம்மிடையே இருக்கிறார்கள், அவர்களில் பாடுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் கையில் இந்தக் கருவி போய்ச் சேர வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் தூரத்தில் வைத்த மைக்கையோ காற்று அடித்த பதிவையோ ஃபுளோட் சரிசெய்யாது.

ஏற்கெனவே எச் 5 வைத்திருப்பவர் அதற்காக மாற்ற வேண்டியதில்லை. பழையது விலைக்கு வந்தால் ஹெட்போனைச் செருகிக்கொண்டு குமிழை மெல்லத் திருப்புங்கள், கரகர என்றால் விட்டுவிடுங்கள். ஹெட்போன் ஓட்டை ஆடுகிறதா, மெமரி காட்டைப் போட்டு எடுத்தால் பிடிக்கிறதா, எக்ஸ்எல்ஆர் இரண்டிலும் 48 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். கிரவல் றோட்டுப் புழுதியில் உழைத்த கருவி என்றால் மைக் வலைக்குள் செம்மண் படிந்திருக்கும், அதையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.