வாட்ஸ்அப் பிசினஸும் கொத்து வேலையும்: எட்டு மாசம் வைத்துப் பார்த்ததில் தெரிந்தது

பெருந்துறைப் பக்கம் கொத்து வேலை காண்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறவன் நான். அப்பா மேஸ்திரி. அவர் காலத்தில் வேலை தேடிப் போனதே கிடையாது, கிரகப்பிரவேசத்துக்கு வந்த பங்காளிகளில் யாராவது ஒருத்தர் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு "மேஸ்திரி ஆருங்க?" என்று கேட்பார், இலையில் சாப்பாடு ஆறுவதற்குள் அடுத்த வேலை பேசி முடிந்துவிடும். இன்றைக்கும் எனக்குப் பாதி வேலை அப்படித்தான் வருகிறது. மீதிப் பாதியில்தான் சிக்கல். போன் வரும், சைட் பார்ப்போம், ரேட் சொல்வோம், அப்புறம் ஒரு மாசம் கழித்து அந்த வழியாக வண்டியில் போனால் வேறொருத்தர் ஆள்கள் கடைக்கால் தோண்டிக்கொண்டிருப்பார்கள்.

விசாரிப்பு போதவில்லை, அதனால்தான் வேலை குறைகிறது என்று நினைத்தேன். அந்த நினைப்பில், வீடு கட்டப்போகிறவர்களின் நம்பர் தருகிறோம் என்று சொன்ன ஒரு நிறுவனத்துக்கு ஒரு வருஷப் பணத்தை முன்னாடியே கட்டினேன். பெயர் வேண்டாம், விடுங்கள். அவர்கள் தந்த நம்பரில் கூப்பிட்டால் எதிர்முனையில் எடுத்த எடுப்பிலேயே "காலையில இருந்து நீங்க அஞ்சாவது ஆளுங்க" என்கிறார்கள். ஒரே நம்பரை எத்தனை பேருக்கு விற்றார்களோ. ஒருத்தருக்கு பாத்ரூமில் நாலு டைல்ஸ் மாற்ற வேண்டும், இன்னொருத்தர் வீடு சேலத்தைத் தாண்டி. ஆறாவது மாசம் நானே கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

வாட்ஸ்அப் பிசினஸ் அதற்கப்புறம் வந்தது. அக்கா பையன்தான் போட்டுக் கொடுத்தான். இலவச ஆப், சாதா வாட்ஸ்அப் மாதிரியேதான் இருக்கும், தனி நம்பர் ஒன்று இருந்தால் நல்லது. 2018இலேயே வந்த சமாச்சாரம், நான்தான் துணிக்கடைக்காரர்களுக்கானது என்று கண்டுகொள்ளாமல் இருந்திருக்கிறேன்.

இதில் எனக்கு உண்மையாகவே உபயோகப்பட்டது லேபிள். ஒவ்வொரு ஆளின் சாட்டுக்கும் கலர் கலராக ஒரு சீட்டு ஒட்டிக்கொள்ளலாம். ஆப்பிலேயே வருகிற லேபிள்கள் கடைக்காரர் கணக்கு: புது கஸ்டமர், புது ஆர்டர், பணம் பாக்கி என்று போகும். அதையெல்லாம் அழித்துவிட்டு "கேட்டாங்க", "சைட் பார்த்தாச்சு", "கொட்டேஷன் போயிருச்சு", "அட்வான்ஸ் வந்தாச்சு", "கைவிட்டுப் போச்சு" என்று அஞ்சு வைத்தேன். ஒரு மாசம் ஒட்டிப் பார்த்ததில் எனக்கே வெட்கமாகிவிட்டது. விசாரிப்பெல்லாம் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. "சைட் பார்த்தாச்சு" என்ற சீட்டில் போய்க் குவிந்து கிடக்கிறது, அதற்கு அடுத்த சீட்டுக்கு நகரவே இல்லை. அதாவது டேப் பிடித்து அளந்துவிட்டு வந்து, கொட்டேஷன் எழுதாமல் உட்கார்ந்திருக்கிறேன். பகலெல்லாம் சாரத்தின் மேலே நிற்கிறவனுக்கு ராத்திரி எட்டு மணிக்குக் கால்குலேட்டர் பிடிக்கத் தெம்பு இருக்காது என்பது நிஜம்தான். ஆனால் வீடு கட்டுகிறவருக்கு அது எப்படித் தெரியும்?

சென்னிமலையில் ஒரு அம்மா. 1200 சதுர அடி, லேபர் காண்ட்ராக்ட் மட்டும், அதாவது பொருள் அவர்களுடையது, கூலி வேலை நம்முடையது. போன அன்றைக்கே மோரெல்லாம் கொடுத்து, "நீங்களே செஞ்சு குடுத்துருங்க" என்றார். நான் பதினோராவது நாள் ஒரு துண்டுச் சீட்டில் சதுர அடி ரேட்டை மட்டும் எழுதிப் படம் எடுத்து அனுப்பினேன். அதற்குள் வேறொருத்தர் வேலையை வாங்கிவிட்டார். அவர் ரேட் என்னைவிட அடிக்கு 15 ரூபாய் அதிகம்! ஏனுங்கம்மா என்று கேட்டால், "அவரு ரெண்டாம் நாளே என்னென்ன செய்வோம்னு எழுதிக் குடுத்துட்டாருங்க, உங்களுக்கு சோலி நெறையன்னு நெனச்சுக்கிட்டனுங்க" என்கிறார். இத்தனை நாளும் ரேட்டில்தான் தோற்கிறோம் என்று நம்பி அடிக்கு அஞ்சு, பத்து குறைத்துக்கொண்டிருந்தேனே, அதை நினைத்துத்தான் வயிறு எரிந்தது.

அப்புறம் கொட்டேஷனை மாற்றினேன். ஒரே பக்கம், சைட் பார்த்த மூணாம் நாளுக்குள் போய்விட வேண்டும். கருங்கல் கட்டு எத்தனை அடி, பேஸ்மட்டம் எவ்வளவு உயரம், உள்பூச்சு 12 மில்லிமீட்டர், வெளிப்பூச்சு எத்தனை, கலவையில் சிமெண்ட் ஒண்ணுக்கு மணல் அஞ்சா நாலா, தூணும் செங்கல் சுவரும் சேருகிற இடத்தில் கோழிவலை அடித்துப் பூசுவோமா, எலக்ட்ரீஷியன் பைப்புக்காகச் சுவரில் காடி வெட்டினதை அடைப்பது யார், சாரத்துக்கு மரம் யார் தருவது, கட்டினது இறுகத் தண்ணி விடுவது யார் பொறுப்பு. இதெல்லாம் ஏற்கெனவே செய்கிற வேலைதான், எழுதாமல் விட்டதுதான் தப்பு. கோழிவலை வரியைப் படித்துவிட்டு "இது எதுக்குங்க?" என்று கேட்காத ஆளே இல்லை. இரண்டு வேறு பொருள் சேருகிற இடத்தில் பின்னாடி கோடு கோடாக விரிசல் விடும், அதைத் தடுக்கத்தான் என்று சொன்னதும், தன் மச்சான் வீட்டு ஹாலில் ஓடுகிற விரிசலைப் பற்றி அவரே பேச ஆரம்பித்துவிடுவார். அதற்கப்புறம் ரேட் பேச்சு சீக்கிரம் முடியும்.

ஜன்னல், கதவு ஓட்டைக்கு அளவில் எவ்வளவு கழிப்பது என்பதையும் எழுதிவிடுகிறேன். பூச்சுக்கு அளக்கும்போது அரை சதுர மீட்டருக்குள் இருக்கிற ஓட்டையைக் கழிப்பதில்லை, அதற்கு மேல் மூணு சதுர மீட்டர் வரை இரண்டு பக்கமும் பூசினாலும் ஒரு பக்கம் மட்டும் கழிப்பது, அதுதான் ஐஎஸ் 1200 என்கிற, கட்டட வேலையை அளப்பதற்கான இந்தியத் தர விதி சொல்கிற முறை. கடைசி பில்லில் வருகிற சண்டையில் பாதி இந்தக் கழிவில்தான் வரும். அந்தச் சண்டை வந்துவிட்டால் அந்த வீட்டுக்காரர் அடுத்த வேலைக்கு உங்கள் பெயரைச் சொல்லமாட்டார், அப்பா காலத்து வழியும் அடைந்துவிடும்.

இந்த வரிகளையெல்லாம் ஆப்பில் குவிக் ரிப்ளையாகச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஒரு சாய்கோடு தட்டி, வைத்த சுருக்கப் பெயரை அடித்தால் முழு வாசகமும் வந்து நிற்கும். ராத்திரி உட்கார்ந்து கட்டைவிரல் தேய அடிக்கிற வேலை போச்சு. கேட்டலாக் என்று, கடைக்காரர்கள் சரக்கைப் படத்தோடு காட்டுகிற பகுதி ஒன்று உண்டு, அதில் முடித்த வேலைகளின் படத்தைப் போட்டிருக்கிறேன். வீட்டு முகப்பின் படத்தை யாரும் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. பூசின சுவரில் ஆறடி மட்டப்பலகையைக் குறுக்கே வைத்து, இடையில் டார்ச் அடித்து வெளிச்சம் ஒழுகவில்லை என்று காட்டுகிற படத்தைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள்.

ஆனால் நம்ம ஊரில் இடம் பார்க்க வருகிற ஆள் வேறு, முடிவு எடுக்கிற ஆள் வேறு. காட்டில் நிற்கிறவர் அப்பா, பணம் போடுகிற மகன் பெங்களூரில், இரண்டு பேருக்கும் நடுவில் எல்லாம் தெரிந்த மாப்பிள்ளை ஒருத்தர் திருப்பூரில். மகனுக்கும் மாப்பிள்ளைக்கும் பிடிஎஃப் போனால் போதும். பெரியவருக்கு அது ஆகாது. காங்கேயத்துப் பெரியவர் ஒருத்தருக்கு முதல் தடவையாகக் கொட்டேஷனை வாய்ஸ் மெசேஜில் பேசி அனுப்பினேன், "ஏனுங்க, கடக்கால்ல இருந்து சொல்றனுங்க, கேட்டுக்குங்க" என்று மேலே வரை ரெண்டு நிமிஷம். அதை அவர் டீக்கடையில் ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார். அந்த வேலையும் வந்தது, டீக்கடையில் கேட்ட ஒருத்தர் காம்பவுண்ட் சுவருக்கும் கூப்பிட்டார். இது ஆப்பின் பெருமை இல்லை, சாதா வாட்ஸ்அப்பிலும் இது உண்டு. இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மெட்டீரியலோடு எடுக்கிறவர்கள் கொட்டேஷனில் அந்த ரேட் எத்தனை நாள் வரை செல்லும் என்று போட மறக்காதீர்கள், நான் 15 நாள் என்று போடுகிறேன். 2025 செப்டம்பர் 22இல் சிமெண்ட் மேல் ஜிஎஸ்டி 28இலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது, அந்த வாரம் பழைய கொட்டேஷன் வைத்திருந்தவரெல்லாம் கூப்பிட்டார்கள். குறையும்போது கூப்பிடுவார்கள், ஏறும்போது நாம் கூப்பிட்டால் எடுக்கமாட்டார்கள்.

குறை என்று சொன்னால், மூணாம் நாள் இவரைக் கூப்பிடு என்று லேபிள் தானாக ஞாபகப்படுத்தாது. அதற்கு நான் இன்னும் டைரிதான் வைத்திருக்கிறேன். மொத்தமாக அனுப்புகிற பிராட்காஸ்ட் நம் நம்பரைச் சேமித்து வைத்தவர்களுக்கு மட்டும்தான் போகும், சைட்டை ஒரு தடவை காட்டினவர் எங்கே நம்பரைச் சேமிக்கப் போகிறார். ஆடியிலும் மார்கழியிலும் யாரும் புதுசாகப் பூஜை போடமாட்டார்கள், அதற்கு எந்த ஆப்பும் வழி காட்டாது. அந்த மாசங்களில் "கைவிட்டுப் போச்சு" சீட்டில் இருப்பவர்களைக் கூப்பிட்டு ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்கிறேன். சிலர் இன்னும் ஆரம்பிக்கவே இல்லை என்கிறார்கள். அப்படி ஒரு மாடிக்கட்டு வேலை கிடைத்தது.

ரெண்டு, மூணு கேங் ஆள்களை வைத்து ஓட்டுகிற என் மாதிரி ஆளுக்கு இது போதும். ஆபீஸ், இன்ஜினியர், தனியாக ரேட் பேச ஆள் என்று இருப்பவர்களுக்குப் பத்தாது, நாலு பேர் கைவைத்தால் சீட்டெல்லாம் குழம்பிவிடும். ஆப்பைப் போடுவதானால் அன்றைக்கே ப்ரொஃபைலில் இருக்கிற கட்சித் தலைவர் படத்தை எடுத்துவிட்டு நீங்கள் கட்டின சுவர் ஒன்றின் படத்தை வையுங்கள். எதிர்க்கட்சிக்காரரும் வீடு கட்டுகிறார்தானே.