ஸ்வர்ல் வைத்து ஆர் படித்தேன்

எங்கள் பள்ளி மைதானத்தில் ஒரு மழைமானி இருக்கிறது. தினமும் காலை 8:30க்கு மாணவர்கள் அளந்து நோட்டில் எழுதுவார்கள். விடுமுறை நாட்களில் வாட்ச்மேன் அண்ணன் அளப்பார். மன்னார்குடிப் பக்கத்துக் கிராமம். ஐப்பசி, கார்த்திகையில் ஊர்க்காரர்களே வந்து அந்த நோட்டைப் புரட்டிப் பார்ப்பார்கள். நான் புவியியல் ஆசிரியர். அந்த நோட்டுகளில் சேர்ந்திருக்கும் எண்களை ஒழுங்காகக் கணக்குப் போட்டுப் பார்க்க ஆசைப்பட்டுத்தான் ஆர் (R) என்ற புள்ளியியல் கணினி மொழியைப் படிக்கக் கிளம்பினேன்.

முதலில் ஒரு பயிற்சி மையத்தில் 4,500 ரூபாய் கட்டி இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். திரையில் ஸ்லைடு ஓடியது, நாங்கள் பார்த்தோம். திங்கட்கிழமை வீட்டில் கணினியைத் திறந்தால் கைக்கு ஒன்றும் வரவில்லை. சக ஆசிரியரின் மகள் புள்ளியியல் படிக்கிறாள். "காசெல்லாம் கட்டாதீங்க சார், ஸ்வர்ல் போட்டுப் பாருங்க, அதுவே சொல்லிக் குடுக்கும்" என்றாள்.

ஸ்வர்ல் (swirl) என்பது ஆருக்குள்ளேயே நிறுவிக்கொள்ளும் ஓர் இலவசப் பொதி, அதாவது கூடுதல் நிரல். நிறுவ ஒரே வரி போதும். பிறகு 'ஆர் புரோகிராமிங்' என்ற பாடத்தொகுப்பை ஒருமுறை இறக்கிக்கொள்ள வேண்டும். நான் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் இறக்கினேன், அதற்கப்புறம் நெட் தேவைப்படவில்லை. மொத்தம் 15 பாடங்கள். முதலில் உங்கள் பெயரைக் கேட்கும். நாலு வரி விளக்கம் சொல்லிவிட்டு, நீங்களே தட்டுங்கள் என்று காத்திருக்கும். சரியாகத் தட்டினால்தான் அடுத்த வரி. தப்பென்றால் ஒரு குறிப்புத் தரும். நடுவில் ஒரு சந்தேகம் வந்தால் 'ப்ளே()' என்று தட்டி, நம் இஷ்டத்துக்குச் செய்து பார்த்துவிட்டு 'என்எக்ஸ்டி()' போட்டுத் திரும்பிவிடலாம். 'பை()' போட்டு மூடினால் மறுநாள் விட்ட இடத்திலிருந்தே தொடரும். எனக்கு இரவு 9 மணிக்கு மேல் அரை மணி நேரம்தான் கிடைக்கும் என்பதால் இது பெரிய உதவி.

முதல் பாடம் 5 + 7இல் தொடங்குகிறது. கொஞ்ச நேரத்தில் 1, 2, 3, 4 என்ற வரிசையோடு 0, 10 என்ற வரிசையைக் கூட்டச் சொல்கிறது. நீளம் பொருந்தாததால் பிழை வரும் என்று நினைத்தேன். வந்தது 1, 12, 3, 14. சின்ன வரிசையை ஆர் திரும்பவும் முதலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஸ்லைடில் இதைப் பார்த்திருந்தால் மறந்திருப்பேன். என் விரலே தட்டியதால் நிற்கிறது.

என்னை உட்கார வைத்தது ஐந்தாம் பாடம், விடுபட்ட மதிப்புகள். ஆரில் அதற்கு என்.ஏ. என்று பெயர். விடுபட்டவை எவை என்று கண்டுபிடிக்க, 'என் தரவு == என்.ஏ.' என்று கேட்டால் போதாதா என்றுதான் யாருக்கும் தோன்றும். பாடம் அதையே செய்து பார்க்கச் சொல்கிறது. திரை முழுக்க என்.ஏ.! தெரியாத ஒன்றோடு எதை ஒப்பிட்டாலும் விடையும் தெரியாததுதான். அதற்காகத்தான் 'இஸ்.என்ஏ' என்ற தனிச் செயற்கூறு, அதாவது ஒரு வேலையைச் செய்துதரும் கட்டளை. அது உண்மை, பொய் என்று ஒரு வரிசை தரும். உண்மையை 1 என்றும் பொய்யை 0 என்றும் ஆர் எண்ணுவதால், அந்த வரிசையைக் கூட்டினால் எத்தனை விடுபட்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அன்று இரவே 2018 நோட்டை எடுத்தேன். அந்த நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தது. எங்கள் மழைமானி சாய்ந்து, அதை மறுபடி நிறுத்த ஒன்பது நாள் ஆனது. நோட்டில் அந்த நாட்கள் வெறுமையாக இருக்கின்றன. எக்செலில் ஏற்றியபோது 0 என்று போட்டிருந்தோம். மழை பெய்யாத நாளும் நாங்கள் அளக்காத நாளும் ஒன்றாகிவிட்டன. அந்தப் பிள்ளைகளுக்கு நானும் அதைச் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

குறைகளும் உண்டு. எல்லாம் ஆங்கிலம். தமிழ் வழியில் படிக்கும் என் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான்தான் சொல்லிக்கொண்டே போகிறேன். எட்டாவதாக வரும் தர்க்கப் பாடம் ரொம்ப நீளம். ஒன்பதாவதில் செயற்கூறு எழுதுவது புதியவர்களுக்குத் திடீரென்று செங்குத்து ஏற்றம். வரைபடம் கடைசிப் பாடத்தில்தான் வருகிறது. பாடங்களை எந்த வரிசையிலும் எடுக்கலாம் என்பதால், முதல் ஏழில் கோப்புகள் பற்றிய இரண்டாவதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை முடித்து, 12க்கும் 15க்கும் தாவி, பிறகு 8க்குத் திரும்புங்கள் என்பேன். பாட முடிவில் கோர்செரா என்ற இணைய வகுப்புத் தளத்தில் மதிப்பெண் வேண்டுமா என்று கேட்கும். அங்கே சேராதவர்கள் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

பெரிய குறை, நம் சொந்தக் கோப்பை உள்ளே கொண்டுவர இந்தத் தொகுப்பில் தனிப் பாடம் இல்லாதது. அதை அந்தச் சக ஆசிரியரின் மகளிடம்தான் கேட்டேன். எக்செல் கோப்பை சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த எளிய உரைக்கோப்பாக) சேமித்து 'ரீட்.சிஎஸ்வி' என்று தட்ட வேண்டும். எண்கள் உள்ள நெடுவரிசையில் காலியாக இருக்கும் கட்டத்தை ஆர் தானே என்.ஏ. என்று எடுத்துக்கொள்ளும். அந்த ஒன்பது பூஜ்யங்களையும் அழித்துவிட்டு அந்த நவம்பர் மாதச் சராசரி கேட்டேன். என்.ஏ. என்றது. விடுபட்டதை நீக்கிக் கணக்கிடு என்றதும், 5.6 ஆக இருந்த தினசரிச் சராசரி 8 மில்லிமீட்டர் ஆனது. பள்ளிச் சுவரில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் இப்போது அந்த மாதத்துக்கு நேரே 'அளந்த 21 நாட்களுக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறோம்.