555 புத்தகம்: ஓராண்டு எழுதிப் பார்த்த பின்

மலேசியாவின் சுங்கை சிப்புட் கடைத்தெருவில், பள்ளிக்கூடச் சாமான்களும் சாமி படங்களும் சேர்த்து விற்கும் பழைய கடையொன்றில் சென்ற ஆண்டு தைப்பூசம் கழிந்த வாரத்தில் நான், கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதும் 555 புத்தகம் ஒன்று கேட்டபோது, கல்லாவில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாருக்குத் தம்பி கடன் கொடுக்கப் போறே?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தவறில்லை. அந்தப் புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்குபவர்கள் பெரும்பாலும் கடன் கொடுப்பவர்களாகவே இருந்து வந்திருக்கிறார்கள்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு இதை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. சட்டைப் பையில் அடங்கும் அளவு, மெல்லிய அட்டை, அட்டையின்மேல் மூன்று ஐந்துகள், உள்ளே கோடு போட்ட தாள். மலாய்க்காரரும் சீனரும் நாமும் ஒன்றுபோல் மலாயில் 'தீகா லீமா' (மூன்று ஐந்து) என்று சொல்வது இதைத்தான். நான் சிறுவனாக இருந்தபோது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தை ஒட்டியிருந்த மளிகைக் கடையில் வீட்டுக்கு ஒன்றாக இந்தப் புத்தகங்களைச் சணல் கயிற்றில் கோத்து ஆணியில் மாட்டி வைத்திருப்பார்கள். அரிசி, பருப்பு, மத்தி டின் என்று எதை எடுத்தாலும் கடைக்காரர் எழுதிக்கொள்வார். சம்பள நாளன்று அப்பா ஒரு பகுதியைக் கட்டுவார். கட்டாத மிச்சம் அடுத்த பக்கத்தின் தலையில் 'பழைய பாக்கி' என்று ஏறி உட்கார்ந்துகொள்ளும். எங்கள் வீட்டு வரவு செலவு முழுவதும் அந்தப் புத்தகத்தில் இருந்தது; ஆனால் அதை எழுதிய கை எங்களுடையதாக இருந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, நான் அதை வாங்கி வந்து மேசைமேல் வைத்தபோது அம்மா முகம் சுளித்தார். "அந்தச் சனியனை ஏன்டா வீட்டுக்குள்ளே கொண்டு வர்றே?" என்பதே இந்தப் பொருளைப் பற்றி எங்கள் வீட்டில் எழுந்த முதல் மதிப்புரை.

நான் ஈப்போவில் ஒரு சரக்குக் கிடங்கில் பதிவெழுத்தராக வேலை செய்கிறேன். பகல் முழுவதும் பிறருடைய சரக்குக்குக் கணக்கெழுதும் எனக்கு, என் சொந்தச் சம்பளம் இருபதாம் தேதிக்குள் எங்கே போகிறது என்பது பல ஆண்டுகளாகத் தெரியவில்லை. மாதச் சம்பளம் 2,400 வெள்ளி (ரிங்கிட்). அதில் 11 விழுக்காடாக 264 வெள்ளி ஊழியர் சேம நிதிக்குப் போய், சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்புச் சந்தா முதலிய பிடித்தங்களும் கழிந்தால், கைக்கு வருவது 2,100 வெள்ளிக்குச் சற்று மேல். முதலில் கைப்பேசியில் ஒரு செலவுக் கணக்குச் செயலியைத்தான் பயன்படுத்தினேன். வட்ட வரைபடமும் வண்ணமும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் தேநீருக்குக் கொடுத்ததையும் தங்கை மகனுக்குக் கொடுத்ததையும் அது 'மற்றவை' என்ற ஒரே மூட்டையில் கட்டிவிடும். மாதக் கடைசியில் அந்த மூட்டைதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருக்கும். கைப்பேசி பழுதாகி மாற்றியபோது ஏழு மாதக் கணக்கும் அதோடு போய்விட்டது. அதன் பிறகுதான் தீகா லீமா நினைவுக்கு வந்தது.

நான் எழுதும் முறை எளிது. வலப்பக்கம் செலவு, இடப்பக்கம் வரவும் கடனும். கட்டங்களோ தலைப்புகளோ அச்சிடப்படாத புத்தகம் என்பதால் வாங்கியவுடன் அடிக்கோலால் ஒரு கோடு இழுத்துத் தொகைக்கு இடம் ஒதுக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூன்றாம் நாளே எண்கள் எழுத்துக்குள் புகுந்துவிடும். ஒரு காசு நாணயம் 2008-ஆம் ஆண்டிலிருந்தே புழக்கத்தில் இல்லாத நாட்டில் காசுக் கணக்கு பார்த்துக்கொண்டிருப்பானேன் என்று, நான் எல்லாவற்றையும் பத்துக் காசுக்கு முழுமையாக்கியே எழுதுகிறேன். இந்தச் சிறு சோம்பலை அனுமதித்திராவிட்டால் இரண்டாம் வாரத்திலேயே விட்டிருப்பேன். ஒரு விதியை மட்டும் தளர்த்தவில்லை: காசு கையை விட்டுப் போன இடத்திலேயே நின்று எழுத வேண்டும். இரவு நினைவுகூர்ந்து எழுதும் கணக்கில் மனிதன் தன்னை மிகவும் நல்லவனாகக் காட்டிக்கொள்கிறான்.

முதல் மூன்று மாதங்களைக் கூட்டிப் பார்த்தபோதுதான் இந்தப் பொருளின் உண்மையான பயன் தெரிந்தது. வெளியில் சாப்பிடுவதால்தான் பணம் கரைகிறது என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். பசியாறலும் மதிய உணவும் நான் நினைத்ததைவிடக் குறைவாகவே இருந்தன. கரைத்தது வேறு. புதன் 4, சனி 6, ஞாயிறு 6 என்று வாரந்தோறும் மூன்று நாள் 'நம்பர்' என்ற சொல், அதாவது நான்கு இலக்க லாட்டரி, என் கையெழுத்திலேயே தவறாமல் வந்துகொண்டிருந்தது. வழக்கமான குலுக்கல் நாள்கள் இவை மூன்றும் என்பதை எங்கள் ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வாரத்துக்கு 16 என்றால் ஆண்டுக்கு 832 வெள்ளி. அந்தக் காலத்தில் நான் எடுத்த பரிசையும் நேர்மையாக இடப்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்: ஒரு முறை, 60 வெள்ளி. அடுத்ததாக, ஆண்டின் பிற்பகுதியில் தெரிந்தது கல்யாண மொய். ஆடி முடிந்த பிறகு வந்த இரண்டு மாதங்களில் மட்டும் ஏழு வீடுகள், வீட்டுக்கு 50 வெள்ளி. இதைக் குறைக்க முடியாது, குறைக்கவும் கூடாது என்பது என் கருத்து. ஆனால் வரும் என்று தெரிந்த செலவை ஒவ்வோர் ஆண்டும் திடீர்ச் செலவாக நடத்திக்கொண்டிருந்தது முட்டாள்தனம். இப்போது மாதம் 40 வெள்ளியை அதற்கென்றே ஒதுக்குகிறேன்.

செயலிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு எழுதும் நொடியில்தான் இருக்கிறது. ஒட்டுக்கடையில்கூடக் கியூஆர் அட்டையை நோக்கிக் கைப்பேசியை நீட்டினால் போதும் என்றாகிவிட்ட இந்நாளில், பணம் போவதைக் கை உணர்வதே இல்லை. புத்தகத்தை எடுத்து, பேனாவைத் தேடி, 'நம்பர் 6.00' என்று எழுதுவதற்கு அரை நிமிடம் ஆகிறது. அந்த அரை நிமிடம் கூச்சமாக இருக்கிறது. பல சனிக்கிழமைகளில் எழுதக் கூச்சப்பட்டே கடைக்குள் போகாமல் திரும்பியிருக்கிறேன்.

இனி இதன் குறைகள். மழையில் மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் இதை நெகிழிப் பைக்குள் வைக்க வேண்டும். என் முதல் புத்தகத்தின் மார்ச் மாதம் முழுவதும் நீல மை பரவிய குளமாகிவிட்டது. அது சிறு குறை. பெரிய குறை, புத்தகம் நாம் எழுதியதை மட்டுமே சொல்லும் என்பது. என் மோட்டார் கடனுக்கு மாதம் 216 வெள்ளி 70 காசு என்று மூன்று ஆண்டுகளாகக் கட்டி வந்தேன். 6,000 வெள்ளிக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடு என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். மூன்று ஆண்டுக்கு 1,800 வட்டி சேர்த்து 7,800 வெள்ளியை 36 மாதங்களாகப் பிரித்த தொகை அது. அசல் மாதாமாதம் குறைந்துகொண்டே வர, வட்டியோ கடைசி மாதம் வரை முழு 6,000-க்கும் கணக்கிடப்பட்டது என்பதால், உண்மையில் நான் கட்டியது ஆண்டுக்கு ஏறத்தாழ 18 விழுக்காடு. இதை எந்த 555 புத்தகமும் காட்டிக்கொடுக்காது. நண்பர் ஒருவர் கணினியில் போட்டுக் காட்டிய பிறகே எனக்குப் புரிந்தது. கடன் பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு, மொத்தம் எவ்வளவு திருப்பிக் கட்டுகிறேன் என்ற ஒரே எண்ணைக் கேட்டு வாங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் எழுதி வைப்பதுதான் இதற்கு நான் கண்ட பரிகாரம்.

சேம நிதிக் கணக்கும் அப்படித்தான். என் 264-உடன் முதலாளி கட்டும் 13 விழுக்காடான 312-ஐச் சேர்த்தால் மாதம் 576 வெள்ளி எனக்காகப் போகிறது. சம்பளச் சீட்டில் கழிவாக மட்டுமே தெரிவதால் அதை நான் சேமிப்பாக நினைத்ததே இல்லை. 2024 மே மாதம் கணக்கை மூன்றாகப் பிரித்தபின், அதில் பத்து விழுக்காடு, அதாவது 57 வெள்ளி 60 காசு, எப்போது வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய நெகிழ்வுக் கணக்கில் விழுகிறது. எடுப்பதற்குக் குறைந்த அளவு 50 வெள்ளி. கைப்பேசியில் இரண்டு முறை தட்டி அதை நான் மாதாமாதம் எடுத்துவந்ததை இடப்பக்க வரவில் தொடர்ந்து ஐந்து முறை பார்த்தபோதுதான் நிறுத்தினேன். சுங்கை சிப்புட் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தோட்டத் தொழிலாளர்களிடம் மாதம் பத்துப் பத்து வெள்ளியாகத் திரட்டித் தோட்டங்களையே வாங்கினார் என்று அப்பா சொல்லுவார். என் ஐம்பது வெள்ளி பெரும்பாலும் இணையக் கடையில் கைப்பேசி உறை வாங்கியிருக்கிறது.

ஆகவே இந்தப் புத்தகம் யாருக்கு உதவும் என்றால், கடன் கழுத்தை நெரிக்காத, ஆனால் சம்பளம் நிற்காத என்னைப் போன்றவர்களுக்கு. கடன் அட்டைப் பாக்கிக்குக் குறைந்த அளவான ஐந்து விழுக்காட்டை மட்டும் கட்டிக்கொண்டு காலந்தள்ளுபவர்களுக்கும், உரிமமில்லாத வட்டிக்காரரான ஆலோங்கிடம் சிக்கியவர்களுக்கும் கணக்கெழுதுவது மட்டும் போதாது. வங்கிக் கடனில் திணறுபவர்கள் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த ஏகேபிகே எனும் கடன் ஆலோசனை நிறுவனத்திடம் போவது நல்லது; ஆலோசனைக்குக் கட்டணம் இல்லை. போகும்போது மூன்று மாதச் செலவை எழுதிய புத்தகம் ஒன்று கையில் இருந்தால் பேச்சு பாதியில் தொடங்கும்.

நான் ஓராண்டில் மூன்று புத்தகங்களை முடித்திருக்கிறேன். அம்மா இன்னும் அதைத் தொடுவதில்லை, ஆனாலும் சந்தையிலிருந்து திரும்பும்போது, "மீனுக்குக் கொடுத்ததை எழுதிட்டியா?" என்று கேட்கிறார். நான்காவது வாங்கப் போனபோது பெரியவர், "இன்னும் வசூலாகலையா தம்பி?" என்றார். 80 காசுக்கு விற்றது இப்போது ஒரு வெள்ளி. புதிய புத்தகத்தின் முதல் வரியாகக் கல்லா மேசையிலேயே வைத்து எழுதினேன்: தீகா லீமா, 1.00.