நெயில் டெக்னீஷியன் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இன்சூரன்ஸ் கம்பெனியைக் கேளுங்கள்

நகக்கலை கற்றுக்கொண்டு தொழில் தொடங்கலாம் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் நிதானமாக இதைப் படியுங்கள். நான் ஏமாந்த கதை இது, பாதி தப்பு என் மேலும் இருக்கிறது.

விளக்கொளியில் இறுகும் ஜெல், திரவத்தைக் கலந்து நகத்தின் மேல் பூசும் அக்ரிலிக், நெயில் ஆர்ட், நகத்தை அராவும் டிரில் மெஷின், எல்லாம் சேர்த்து இரண்டே நாள் பயிற்சி. "எங்கள் சான்றிதழ் அங்கீகாரம் பெற்றது, இதைக் காட்டினால் எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் பாலிசி கொடுக்கும்" என்றார்கள் பயிற்சி நிலையத்தில். வாடிக்கையாளருக்கு ஏதாவது ஆனால் கைகொடுக்கும் என்று நாம் எடுக்கும் தொழில் பாலிசியைத்தான் சொன்னார்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் சேர்ந்தேன் என்றே சொல்லலாம். யார் கொடுத்த அங்கீகாரம் என்று கேட்கத் தோன்றவில்லை பாருங்கள்.

பதினைந்து பேருக்கு ஒரே ஆசிரியை. முதல் நாள் முழுக்க பிளாஸ்டிக் கையில் பயிற்சி. பிளாஸ்டிக் கைக்கு வலிக்காது, சூடு தெரியாது, எவ்வளவு அராவினாலும் வெடுக்கென்று இழுத்துக்கொள்ளாது. டிரில்லைச் சாய்த்துப் பிடித்து ஒரே இடத்தில் கொஞ்சம் அழுத்தினாலே நகத்தட்டு சூடேறித் தேய்ந்து, நகக்கண் பக்கம் அரைவட்டமாகச் சிவப்புக் கோடு விழும். தொழிலில் இருப்பவர்கள் அதை 'ரிங் ஆஃப் ஃபயர்' என்பார்கள், அந்தப் பெயரையே நான் பிறகுதான் கேள்விப்பட்டேன். உண்மையான மனிதக் கையைத் தொட்டது இரண்டாம் நாள் மாலை, அதுவும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெண்ணின் இரண்டு விரல்கள். நகத்தில் பூஞ்சைத் தொற்று இருந்தால் என்ன செய்வது, கருவிகளை எப்படிக் கிருமி நீக்குவது, ஒரு பேச்சும் இல்லை.

பயிற்சியோடு கொடுத்த பொருட்கள் பெட்டியில், அதாவது கிட்டில், இருந்த அக்ரிலிக் திரவ பாட்டிலில் லேபிளே கிடையாது. திறந்தால் மூக்கைத் துளைக்கிற நெடி. போட்ட நகத்தை அரை மணி நேரத்துக்கு மேல் அசிட்டோனில் ஊறவைத்தும் அது அசையவில்லை. "நம்ம மெட்டீரியல் அவ்வளவு ஸ்ட்ராங்" என்று ஆசிரியை பெருமைப்பட்டார், நானும் தலையாட்டினேன். தரமான திரவங்களில் பொதுவாக இருப்பது எத்தில் மெத்தாக்ரிலேட், அது அசிட்டோனில் ஊறி இளகிவிடும். இளகாமல் நெடியும் அடித்தால் மெத்தில் மெத்தாக்ரிலேட், அதாவது எம்.எம்.ஏ., என்று சந்தேகப்பட வேண்டும். அதைப் போட்ட விரல் எங்காவது இடித்தால் மேலே இருப்பது உடையாது, அடியில் இருக்கும் சொந்த நகம் பிய்ந்துகொண்டு வரும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 1970-களிலேயே எம்.எம்.ஏ. நகத் திரவங்கள் மேல் நடவடிக்கை எடுத்திருக்கிறது, நான் அதைப் புத்தம் புதுக் கிட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

சரி, இன்சூரன்ஸுக்கு வருவோம். விண்ணப்பத்தில் கேட்டது மூன்றே கேள்வி: எந்தெந்த வேலைகளுக்குப் பயிற்சி, எத்தனை மணி நேரம், யார் தேர்வு வைத்தது. என் சான்றிதழில் தங்க நிற முத்திரையும் 'மாஸ்டர்' என்ற பட்டமும்தான் இருந்தன, இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லை. முடியாது என்றார்கள். முத்திரையில் இருந்த அங்கீகார அமைப்பைத் தேடிப் பார்த்தால் அதன் தொலைபேசி எண்ணும் பயிற்சி நிலையத்தின் எண்ணும் ஒன்று! தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டிருக்கிறார்கள். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ரசீதின் பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னார்கள்.

அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். அவசரத்தில், சான்றிதழ் எதுவும் கேட்காத ஒரு பாலிசியை வேறு இடத்தில் எடுத்தேன். நான்கு மாதம் கழித்து ஒரு வாடிக்கையாளருக்கு ஜெல் போட்ட விரல்களைச் சுற்றி அரிப்பு வந்து, நுனியில் தோல் வெடித்து, ஒரு நகம் பாதி தூக்கிக்கொண்டது. தோல் மருத்துவர் அக்ரிலேட் ஒவ்வாமை, அதாவது ஜெல்லில் இருக்கும் வேதிப்பொருள் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். வேகாத ஜெல், அதாவது விளக்கில் முழுசாக இறுகாதது, தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் வரும் என்றார். ஒரு கம்பெனி ஜெல்லை வேறொரு கம்பெனி விளக்கில் காயவைத்துக்கொண்டிருந்தவள் நான். மேல்பக்கம் இறுகியிருக்கும், உள்ளே முழுசாக வெந்திருக்காது, இது அந்த இரண்டு நாளில் ஒருவர் வாயிலும் வரவில்லை. இந்த ஒவ்வாமை ஒருமுறை வந்தால் பெரும்பாலும் ஆயுளுக்கும் போகாது. பல் அடைக்கும் பொருட்களிலும் அக்ரிலேட் இருப்பதால் இனி பல் மருத்துவரிடம்கூட அவர் சொல்லிவிட்டுத்தான் உட்கார வேண்டும். அவரிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றே எனக்குத் தெரியவில்லை.

பாலிசியை அப்போதுதான் முழுசாகப் படித்தேன். அது பப்ளிக் லயபிலிட்டி மட்டும். என் தரையில் யாராவது வழுக்கி விழுந்தால், அவர்கள் கைப்பையில் அசிட்டோன் கொட்டினால் பணம் வரும். நான் செய்த வேலையால் காயமோ ஒவ்வாமையோ வந்தால் அதற்கு ட்ரீட்மென்ட் லயபிலிட்டி என்று தனியாக இருக்க வேண்டும், பொருளால் வந்தால் புராடக்ட் லயபிலிட்டி. அவை இருந்திருந்தாலும் எனக்குப் பணம் வந்திருக்குமா என்பது சந்தேகம்தான், ஏனென்றால் வாடிக்கையாளரிடம் ஒவ்வாமை பற்றிக் கேட்டு எழுதி வைத்த ஒரு தாள்கூட என்னிடம் இல்லை. மருத்துவச் செலவை என் கையிலிருந்து கொடுத்தேன்.

இந்த முறை வரிசையை மாற்றினேன். புதிதாகப் பார்த்த நிலையத்தின் பாடத்திட்டத்தையும் மாதிரிச் சான்றிதழையும் வாங்கி, பணம் கட்டுவதற்கு முன்பே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மின்னஞ்சலில் அனுப்பி, இதை ஏற்பீர்களா என்று எழுத்தில் பதில் கேட்டேன். ஜெல்லும் அக்ரிலிக்கும் சரி, டிரில்லுக்குத் தனிச் சான்றிதழ் வேண்டும் என்று பதில் வந்தது. நிலையத்தில் அதைக் காட்டினேன். "ஆமாம், டிரில் வகுப்பு தனி, கையால் அராவப் பழகின பிறகுதான்" என்றார் அங்கிருந்த அம்மா. சேர்ந்துவிட்டேன். இரண்டு வாரம் ஆகிறது, இன்னும் நிறத்தையே தொடவில்லை. நேற்று முழுக்க கை கழுவுவதும் நகத்தின் பாகங்களும்தான்.