ஐந்தாண்டு ஆயுள் உள்ள காருக்கு ஒரு புது ஸ்டீரியோ

என் மகளுக்கு அப்போது நான்கு வயது. பெட்ரோல் நிலையத்தில் நான் காசு கட்டிவிட்டு வருவதற்குள் முன் இருக்கைக்கு ஏறி வந்திருக்கிறாள். டேஷ்போர்டில் இருந்த சிடி ஓட்டை அவளுக்கு உண்டியலாகத் தெரிந்திருக்கிறது. கையில் இருந்த 20 காசைப் போட்டுவிட்டாள். அத்தோடு சிடி போனது, ரேடியோ மட்டும் பிழைத்தது.

அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. காலையில் ஜூரோங்குக்கு வேலைக்குப் போகும்போது நான் கேட்பது சிங்கப்பூர்த் தமிழ் வானொலி ஒலி 96.8 தான். ஆனால் போனில் வழி பார்ப்பதும், அழைப்பு வந்தால் தடுமாறுவதும் சரிப்படவில்லை. மனைவி ஒருநாள், “ஒண்ணு புது செட் போடுங்க, இல்லன்னா போன வீட்லயே வச்சிட்டு வாங்க” என்றாள்.

காரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2011இல் பதிவான டொயோட்டா. 2021இல் பத்தாண்டு முடிந்தபோது சிஓஇயை, அதாவது இங்கே கார் வைத்திருக்க வாங்கவேண்டிய உரிமைச் சான்றிதழை, ஐந்தாண்டுக்குப் புதுப்பித்தேன். பத்தாண்டுக்குக் கட்டவேண்டிய தொகையில் பாதிதான், ஆனால் ஐந்தாண்டு எடுத்தால் மறுபடி நீட்டிக்க வழியில்லை. 2026இல் பதிவு நீக்கம், அவ்வளவுதான். சாகும் தேதி தெரிந்த வண்டிக்கு எவ்வளவு செலவழிப்பது? யோசித்துப் பார்த்து 900 வெள்ளிக்கு மேல் போகக்கூடாது என்று முடிவு செய்தேன்.

பத்து அங்குலத் திரையோடு வரும் மலிவான ஆண்ட்ராய்டு செட் மேல் முதலில் ஓர் ஆசை இருந்தது. நண்பனின் காரில் ஒன்றைப் பார்த்தேன். ஸ்டார்ட் செய்து, கார் நிறுத்துமிடத் தடுப்பைத் தாண்டி, சாலைக்கு வந்த பிறகுதான் பாட்டே வந்தது. ஆசை அங்கேயே தீர்ந்தது. ஜப்பானிய பிராண்டில், ஐபோனின் வழிகாட்டியையும் அழைப்பையும் கார்த் திரையில் காட்டும் கார்ப்ளே உள்ள ஏழு அங்குல செட் ஒன்றை 430 வெள்ளிக்கு வாங்கினேன். ஒரு விஷயம்: டொயோட்டாவின் பழைய செட்டுக்கு அகலம் 200 மில்லிமீட்டர், கடையில் கிடைக்கும் டபுள் டின் என்ற பொது அளவு செட்டுக்கு 178. இரண்டு பக்கமும் இடைவெளியை மறைக்கும் பிளாஸ்டிக் பட்டையைச் சேர்த்து வாங்காவிட்டால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும்.

உபி பக்கம் ஒரு கடையில் மாட்டக் கொடுத்தேன். கம்பெனி வயரை வெட்டாதீர்கள், அதற்கென்று இருக்கும் சாக்கெட்டைப் போடுங்கள், பழைய செட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். கடைக்காரச் சீன அங்கிள் “கேன், கேன்” (முடியும், முடியும்) என்றார், சொன்னபடியே செய்தார். இரண்டு மணி நேரத்தில் வேலை முடிந்தது. தீவு விரைவுச்சாலையில் ஏறி 96.8 வைத்தால் ஒரே இரைச்சல். அறிவிப்பாளர் அடைமழைக்குள் நின்று பேசுவது போல இருந்தது.

காரணம் சின்னதுதான். என் காரில் ஆன்டெனா என்பது பின்கண்ணாடியில் ஓடும் மெல்லிய கோடுகள். அவை பிடிக்கும் சிக்னலைப் பெருக்க ஒரு சிறு பூஸ்டர் உண்டு. அதற்கு 12 வோல்ட் போகவேண்டும். பழைய செட் அதை அனுப்பிக்கொண்டிருந்தது. புது செட்டில் அதற்கான நீல வயர் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. இரவில் கண் கூசியபோதுதான் இன்னொன்றும் தெரிந்தது: விளக்கு போட்டால் திரையை மங்கவைக்கும் ஆரஞ்சு வயரையும் மாட்டவில்லை. மறுநாள் போய் இரண்டையும் சரிசெய்துகொண்டேன். செட் மாட்டியதும் கடையை விட்டு நகராமல் ரேடியோ, ஹெட்லைட், ஸ்டியரிங் பட்டன் மூன்றையும் அங்கேயே சோதித்துப் பாருங்கள்.

இத்தனைக்குப் பிறகும் ஒலி பெரிதாக மாறவில்லை என்பதுதான் ஏமாற்றம். பெட்டியில் 50 வாட் x 4 என்று போட்டிருந்தது. அது நொடி நேர உச்சம். கார் மின்சாரம் 14 வோல்ட் சுமார்தான். அதை வைத்து நான்கு ஓம் ஸ்பீக்கருக்குத் தொடர்ந்து 20 வாட் கொடுத்தாலே பெரிய விஷயம். பத்து வருட வெயிலும் ஈரமும் பார்த்த காகித ஸ்பீக்கருக்கு அந்த 20 வாட்டை என்ன செய்வதென்று தெரியவில்லை. முன்கதவு இரண்டுக்கு மட்டும் 190 வெள்ளியில் கம்போனன்ட் ஸ்பீக்கர் வாங்கினேன், உச்ச ஒலிக்கான ட்வீட்டர் தனியாக வரும் வகை. பின்பக்கத்தைத் தொடவில்லை. அங்கே உட்காரும் மகள் எப்படியும் தூங்கிவிடுவாள்.

ஸ்பீக்கரைவிட எனக்கு ஆச்சரியம் கொடுத்தது கதவு. கார்க் கதவு ஒரு தகர டப்பா. ஸ்பீக்கர் முன்னால் காற்றைத் தள்ளும்போது பின்னால் இழுக்கிறது. உள்தகட்டில் இருக்கும் பெரிய ஓட்டைகள் வழியாகப் பின்பக்கத்து அலை முன்னால் வந்து கலந்தால் பேஸ் என்கிற கனத்த ஒலி தன்னைத்தானே தின்றுவிடும். அந்த ஓட்டைகளை மூடி, தகட்டின் மேல் அதிர்வை அடக்கும் பியூட்டைல் ரப்பர் ஷீட்டை ஒட்டி உருளையால் அழுத்தவேண்டும். நண்பனின் தரைவீட்டு வாசலில் ஒரு ஞாயிறு முழுக்க இந்த வேலை. ஷீட்டுக்கு 70 வெள்ளி, எனக்கு இரண்டு நாள் முதுகுவலி. அன்று மாலை ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டபோது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்த ஒலி தரும் இடப்பக்கம், தனியாகக் கேட்டது. அதுவரை அந்தக் காரில் வலப்பக்கத்து வலந்தலை மட்டும்தான் வாசித்துக்கொண்டிருந்தார்கள் போல. கதவைச் சாத்தும் சத்தம்கூட விலை உயர்ந்த வண்டி மாதிரி ஆகிவிட்டது.

அந்த உற்சாகத்தில் ஒரு தப்பும் செய்துவைத்தேன். டிசம்பர் மழையில் பிரேக் போடும்போதெல்லாம் இடது கதவுக்குள் தண்ணீர் குலுங்கியது. கண்ணாடி இடுக்கு வழியாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியில் இருக்கும் சின்ன ஓட்டை வழியாக அது வெளியேறிவிடும். அதன் மேலும் நான் ஷீட்டை ஒட்டியிருந்தேன். ஸ்க்ரூட்ரைவரால் குத்தியதும் ஒரு வாளித் தண்ணீர் கொட்டியது.

நான்கு வருடத்துக்கு மேல் ஓட்டியாயிற்று. செட் இதுவரை ஒருமுறைகூட நிற்கவில்லை. வயர்லெஸ் கார்ப்ளேயை இரண்டே மாதத்தில் விட்டுவிட்டேன், நம் ஊர் வெயிலில் போன் தோசைக்கல்லாகிவிடுகிறது. கேபிள்தான் நிம்மதி. திறந்தவெளியில் நிறுத்திய நாட்களில் முதல் ஐந்து நிமிடம் திரையைத் தொட முடியாது. ஒலி 96.8ஐ செயலியிலும் கேட்கலாம், ஆனால் நேரலைக்குச் சில நொடி பின்னால் ஓடும். எஃப்எம் போதும் எனக்கு. சாலைக் கட்டணம் வசூலிக்கும் இஆர்பிக்கான புதுக் கருவி வந்தபோது, இன்னொரு திரை வேண்டாம் என்று அதன் திரையை மட்டும் தவிர்த்துவிட்டேன்.

மாட்டுக்கூலி 120 சேர்த்து மொத்தம் 810 வெள்ளி. மறுபடி செய்வதாக இருந்தால் கதவையும் ஸ்பீக்கரையும் முதலில் முடித்துவிட்டு, அப்புறம்தான் திரையைப் பற்றி யோசிப்பேன்.

பதிவு நீக்கத்துக்கு முன் புது செட்டைக் கழற்றி வைத்துக்கொள்வதாக இருக்கிறேன். பழையது அலமாரி மேல் இருக்கிறது. அசைத்தால் உள்ளே கலகலவென்று கேட்கும். அந்த 20 காசு தன்னுடையதுதானாம், எடுத்துத் தரச் சொல்லி மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.