ஐ.பி. போடலாமா? ஈரோட்டு வழக்கறிஞர் ஒருவரின் கடன் ஆலோசனை பற்றிய மதிப்புரை

விசைத்தறி, பனியன், லாரி, ரிக் வண்டி என எந்தத் தொழில் சரிந்தாலும், கொங்கு வட்டாரத்தில் கடன்பட்ட குடும்பத்தின் காதுக்கு முதலில் வந்துசேரும் யோசனை மஞ்சள் கடுதாசிதான்; அதாவது, கடனைக் கட்ட முடியவில்லை என்று நீதிமன்றத்தில் போடும் நொடிப்பு மனு, சுருக்கமாக ஐ.பி. ஈரோடு வீரப்பன்சத்திரத்தில் கூலிக்கு விசைத்தறி ஓட்டிவந்த என் தங்கை கணவரும் அதே எண்ணத்தோடுதான் இருந்தார். நூல் விலை ஏறி இறங்கியதிலும், துணி கொடுத்த இடத்தில் பணம் நின்றுபோனதிலும் குடும்பக் கடன் ஏறத்தாழ 26 லட்சம் ரூபாயைத் தொட்டுவிட்ட நிலையில், நொடிப்பு மனு பார்க்கும் வழக்கறிஞர் ஒருவரிடம் கட்டணம் கட்டி ஆலோசனை கேட்கச் சென்றோம். அந்தச் சேவை எப்படி இருந்தது என்பதையே இங்கே எழுதுகிறேன். வழக்கறிஞர்கள் தம் தொழிலை விளம்பரப்படுத்திக்கொள்ளக் கூடாது என்பது இந்திய பார் கவுன்சிலின் விதி என்பதால், பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். சம்பத் நகர் நீதிமன்ற வளாகத்தில் ஐ.பி. வழக்கு நடத்துபவர்கள் யார் என்று விசாரித்தால் சொல்லப்படும் சில பெயர்களுக்குள் அவர் பெயரும் வந்துவிடும்.

இவரிடம் வருவதற்கு முன்பு கோயம்புத்தூரில் இயங்கும் தனியார் கடன் தீர்வு நிறுவனம் ஒன்றை மாப்பிள்ளை நாடியிருந்தார். தவணைகளை எல்லாம் உடனே நிறுத்திவிடுங்கள், வங்கிகளோடு பேசிப் பாதிக்கும் குறைவாக முடித்துத் தருகிறோம், அதுவரை மாதக் கட்டணத்தை மட்டும் எங்களுக்குச் செலுத்துங்கள் என்பது அவர்களின் திட்டம். கட்டணம் ஒழுங்காகப் போனது. பேச்சுவார்த்தை நடந்ததற்கான ஒரு கடிதத்தைக்கூட அவர்களால் காட்ட முடியவில்லை. இதற்கிடையில் நிறுத்திய தவணைகளின் மேல் அபராத வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தைப் பற்றி இதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

வழக்கறிஞர் அலுவலகத்தில் மாப்பிள்ளை கேட்ட முதல் கேள்வியே, “ஐ.பி. போட்டர்லாமுங்களா?” என்பதுதான். “போடலாமுங்க. ஆனா அதுல எந்தக் கடன் நிக்கும், எந்தக் கடன் போகும்னு மொதல்ல பிரிச்சுப் பார்த்துக்கலாமுங்க” என்று சொல்லிவிட்டு, ஒரு முழுத் தாளில் கட்டம் போட்டு, கடன் யாருடைய பெயரில் உள்ளது, அடமானம் உண்டா, காசோலை கொடுத்திருக்கிறதா, ஜாமீன் போட்டவர் யார், இதுவரை வட்டியாகப் போன தொகை எவ்வளவு என்று ஒவ்வொன்றாக எழுதச் சொன்னார். வீட்டுக்கடன் 11 லட்சம். கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் மூன்றரை லட்சம். பைனான்ஸ்காரர்கள் இருவரிடம் புரோ நோட்டும் நிரப்பாத காசோலைகளும் கொடுத்து வாங்கியது 5 லட்சம். தனிநபர் கடனும் கிரெடிட் கார்டும் சேர்ந்து 3 லட்சம். மாப்பிள்ளையின் அண்ணன் ஜாமீன் போட்டு எடுத்த ஏலச்சீட்டில் பாக்கி ஒன்றரை லட்சம். தங்கை பெயரில் மகளிர் குழுக் கடன் 1,20,000 ரூபாய். மீதி 80,000 ரூபாய் உறவினர்களிடம் வாங்கிய கைமாற்று. இத்தனை மாதங்களாக ஒரே பெருந்தொகையாக நின்று மிரட்டிக்கொண்டிருந்த கடன், அந்தத் தாளில் ஏழு தனித்தனிக் கடன்களாகப் பிரிந்தது. இந்தச் சேவையின் முதல் பயன் என்று அதைத்தான் சொல்வேன்.

அடுத்துச் சட்டத்தை விளக்கினார். சென்னை, மும்பை, கொல்கத்தா ஆகிய மூன்று நகரங்களுக்கு 1909-ஆம் ஆண்டுச் சட்டமும், நம் பகுதி உள்ளிட்ட பிற இடங்களுக்கு 1920-ஆம் ஆண்டின் மாகாண நொடிப்புச் சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. கடன் 500 ரூபாயைத் தொட்டாலே மனுப் போடலாம் என்று நூறாண்டுக்கு முன் எழுதிய வரம்பு இன்னும் அப்படியே இருக்கிறது. மனுவை மாவட்ட நீதிமன்றத்திலோ அதிகாரம் பெற்ற சார்பு நீதிமன்றத்திலோ தாக்கல் செய்ய வேண்டும். கடன் கொடுத்தவர்கள் அனைவரின் பெயர், முகவரி, தொகை, தன் சொத்து விவரம் எல்லாவற்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். வேண்டுமென்றே மறைத்தால் சிறைத்தண்டனைக்கும் இடமுண்டு. நொடித்தவர் என்று நீதிமன்றம் அறிவித்தவுடன், சட்டம் விலக்கி வைத்தவை தவிர மற்ற சொத்துகள் யாவும் நீதிமன்றத்தின் கைக்கோ, சொத்தைப் பொறுப்பேற்க அது நியமிக்கும் ரிசீவர் கைக்கோ போய்விடும்; அறிவிப்பு அரசிதழிலும் வெளிவரும். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, தாலி போன்று மரபுப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத அணிகலன், கைவினைஞரின் கருவிகள் ஆகியவற்றை ஜப்தி செய்ய முடியாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60-ஆம் பிரிவு சொல்வதே அந்த விலக்கு. விசைத்தறியும் கைவினைஞரின் கருவிதானே என்று நான் கேட்டபோது, நாம் அப்படி வாதாடலாம், ஆனால் அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள் என்று பதில் சொன்னார்.

பெரிய நிறுவனங்கள் கோடிக்கணக்கில் கடனைக் கழித்துக்கொள்கின்றனவே, அந்தச் சட்டம் நமக்கு இல்லையா என்று மாப்பிள்ளை கேட்டார். செய்தி பார்க்கும் எவருக்கும் எழும் கேள்விதான். 2016-இல் வந்த திவால் சட்டத்தில் தனிநபருக்கான பகுதியும் இருக்கிறது. ஆண்டு வருமானம் 60,000 ரூபாய்க்கும், சொத்து 20,000 ரூபாய்க்கும், கடன் 35,000 ரூபாய்க்கும் மேற்படாத, சொந்த வீடில்லாத ஏழைக்குக் கடனைத் தள்ளி மறுதொடக்கம் தரும் ஏற்பாடும் அதில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அந்தப் பகுதி, நிறுவனக் கடனுக்குத் தனிப்பட்ட முறையில் ஜாமீன் நின்றவர்கள் விஷயத்தில் மட்டும் 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது; சாதாரணக் குடும்பத்துக்கு வரவில்லை. வந்தாலும் 35,000 ரூபாய் வரம்புக்குள் வீரப்பன்சத்திரத்தில் எந்தத் தறிக்காரரின் கடன் அடங்கும் என்பது என் மனத்தில் எழுந்த சந்தேகம்.

பிறகு தாளை மறுபடி எடுத்து, ஐ.பி.யால் அசையாத கடன்களை ஒவ்வொன்றாகச் சுழித்தார். வீட்டுக்கடனும் நகைக்கடனும் அடமானக் கடன்கள். நொடிப்பு அறிவிப்பு வந்தாலும் அடமானத்தை விற்றுத் தம் பணத்தை எடுக்கும் உரிமை கடன் கொடுத்தவருக்கு அப்படியே இருக்கும். சீட்டுக் கடனிலிருந்து மாப்பிள்ளை விடுபட்டாலும் ஜாமீன் போட்ட அண்ணன் விடுபட மாட்டார். முழுத் தொகைக்கும் அவரைப் பிடிக்கலாம். மகளிர் குழுக் கடன் தங்கையின் பெயரில் இருப்பதால், கணவரின் மனு அதைத் தொடாது. புரோ நோட்டுக் கடன் ஐ.பி.க்குள் வரும் என்றாலும், அதோடு கொடுத்த காசோலையை நிரப்பி வங்கியில் போட்டுத் திரும்பினால், மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்படி தொடரும் வழக்கு குற்ற வழக்கு. இரண்டாண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல் இரு மடங்கு வரை அபராதமோ விதிக்க இடமுள்ள அந்த வழக்கை நொடிப்பு மனு நிறுத்தாது. 26 லட்சத்தில் ஐ.பி.யால் உண்மையில் நிழல் கிடைப்பது 4 லட்சத்துக்கும் குறைவான தொகைக்கே என்பது தாளின் அடியில் தெரிந்தபோது, எங்கள் மூவரில் யாரும் உடனே பேசவில்லை.

இதைவிட முக்கியமான செய்தியை அவர் கடைசியாக வைத்திருந்தார். மாப்பிள்ளையின் தந்தைக்குப் பெருந்துறைப் பக்கம் தோட்டம் இருக்கிறது. நொடித்தவர் என்ற அறிவிப்புக்கும் கடன் விடுவிப்பு உத்தரவுக்கும் இடைப்பட்ட காலத்தில் மாப்பிள்ளைக்கு வந்துசேரும் சொத்தும் ரிசீவருக்கே போகும் என்பதால், அந்த இடைவெளியில் பெரியவருக்கு ஏதேனும் நேர்ந்து தோட்டத்தில் பங்கு வந்தால், அதுவும் கடன்காரர்களுக்குப் பிரிந்துவிடும். அப்படியானால் பங்கை முன்கூட்டியே அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிவிடலாமே, வீட்டை மனைவி பெயருக்கு செட்டில்மென்ட் செய்துவிடலாமே என்று நம் ஊரில் பத்திர எழுத்தர்கள் முதல் பங்காளிகள் வரை சொல்லாதவர் கிடையாது. உரிய கிரயம் இல்லாமல் செய்த மாற்றத்துக்குப் பின் இரண்டாண்டுக்குள் நொடிப்பு மனு வந்தால், ரிசீவர் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்கலாம் என்று மாகாண நொடிப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவை வழக்கறிஞர் எடுத்துக் காட்டினார். மனுவுக்கு முந்தைய மூன்று மாதங்களில் ஒரு கடன்காரருக்கு மட்டும் சலுகை காட்டிக் கொடுத்த பணமும் அவ்வாறே திரும்பக் கேட்கப்படலாம் என்பதால், மச்சினனுடைய கைமாற்றை மட்டும் முதலில் அடைத்துவிடலாம் என்ற யோசனையும் அங்கேயே நின்றது.

விடுவிப்பு உத்தரவும் தானாக வருவதில்லை. நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். சொத்து, கடனில் ரூபாய்க்கு ஐம்பது காசு அளவுக்குக்கூடத் தேறவில்லை என்றால், அந்த நிலைமை தன்னால் வந்ததல்ல என்று நீதிமன்றம் ஏற்கும்படி காட்டியாக வேண்டும். தொழில் செய்தவர் முறையான கணக்கேடு வைக்காமல் விட்டிருந்தாலும் அது அவருக்கு எதிராக நிற்கும். தறிக்கூலிக் கணக்கை நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் எழுதும் தொழிலில் இது சிறு விஷயம் அல்ல.

அவர் ஐ.பி.யைக் குறைத்தும் பேசவில்லை என்பதைப் பதிவு செய்ய வேண்டும். சொத்து ஏதுமில்லாமல், அடமானமோ காசோலையோ இல்லாத நோட்டுக் கடன்களில் தீர்ப்பு வாங்கிய கடன்காரர்கள் கைது வாரண்டு வரை போகும்போது, ஐ.பி.யும் அதோடு கேட்டுப் பெறும் பாதுகாப்பு உத்தரவும் ஒரு மனிதனை மூச்சுவிட வைக்கும் என்றார். பணத் தீர்ப்பை நிறைவேற்றப் பெண்களைக் கைது செய்ய முடியாது என்பதையும், வசதியிருந்தும் கொடுக்க மறுப்பவரைத்தான் உரிமையியல் சிறைக்கு அனுப்பலாம், வெறும் இல்லாமைக்காக அனுப்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-இல் சொன்னதையும் விளக்கினார். இரவில் தூக்கம் இழந்திருந்த என் தங்கைக்கு அந்த இரு செய்திகளே பாதி மருந்தாயின.

மாற்றாக அவர் காட்டிய வழி கவர்ச்சியற்றது; ஆனால் நடக்கக் கூடியது. நகையை ஏலம் வரை விடாமல் நாமே விற்று நகைக்கடனை அடைத்து, மிஞ்சுவதை எடுத்துக்கொள்வது. வீட்டுக்கடன் நிறுவனம், அடமானச் சொத்தை வழக்கின்றியே கைப்பற்ற வழிசெய்யும் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் அறிவிப்பு அனுப்பும் நிலைக்குப் போகும் முன்பே, வீட்டை வைத்துக்கொள்ள முடியுமா விற்பதா என்று தீர்மானித்துவிடுவது. கிரெடிட் கார்டையும் தனிநபர் கடனையும் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிப்பது. மக்கள் நீதிமன்றத்துக்கு நீதிமன்றக் கட்டணம் இல்லை. அங்கே ஏற்படும் தீர்வே இறுதியானது, மேல்முறையீடும் இல்லை என்பதால், கட்ட முடியாத தொகைக்குத் தலையாட்டிவிட்டு வராதீர்கள் என்றும் எச்சரித்தார். பைனான்ஸ்காரர்களுக்கு இதுவரை போன வட்டியைத் தேதிவாரியாக எழுதச் சொன்னார். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் போன்றவற்றைத் தடை செய்யும் 2003-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்கீழ் நீதிமன்றத்தில் பணத்தைச் செலுத்தித் தீர்வு கேட்கவும் வழி இருப்பதால், அந்தப் பட்டியல் கையில் இருந்தாலே எதிரில் இருப்பவர் பேச்சின் தொனி மாறும் என்றார். மகளிர் குழுக் கடனில், குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் தவணை போகும்படி கடன் கொடுக்கக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 2022-ஆம் ஆண்டு வரம்பைச் சுட்டிக்காட்டி, தவணையை நீட்டித் தர எழுத்தில் கேட்கச் சொன்னார். வங்கிகளின் வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7 மணிக்குப் பின்பும் அழைத்தால் நேரத்தைக் குறித்து வைக்கவும் சொன்னார்.

குறைகளும் உண்டு. முதல் அரைமணி நேரம் முழுக்க எங்கள் இரு ஆண்களின் முகத்தைப் பார்த்தே பேசினார். வட்டிக் கணக்கு, தவணைத் தேதி, குழுக் கூட்ட நாள் எல்லாம் விரல் நுனியில் வைத்திருந்தவள் என் தங்கைதான் என்பது அவருக்குத் தாமதமாகவே புரிந்தது. அலுவலகம் படியேறிச் செல்லும் மாடியில் இருப்பதால் வயதானவர்களை அழைத்துச் செல்வது சிரமம். நீதிமன்றம் முடிந்து அவர் வரும்வரை காத்திருக்க வேண்டியிருக்கிறது. குமாஸ்தா சொல்லும் நேரத்தை நம்ப வேண்டாம். பேசியதைத் தட்டச்சு செய்து தருவதாகச் சொன்ன குறிப்பு, பலமுறை நினைவூட்டிய பிறகே கைக்கு வந்தது. வந்த குறிப்பு தெளிவாகவும் பிழையின்றியும் இருந்தது. குடும்பத்தின் மாதச் செலவை எப்படிச் சுருக்குவது என்பதில் அவர் தலையிடுவதில்லை. அது அவர் வேலையும் அல்ல.

கட்டணம் 1,500 ரூபாய். கேட்காமலே ரசீது தந்தார். ஐ.பி. மனுவுக்கான கட்டணத்தை வாங்கிக்கொண்டு வழக்கைப் போட்டிருந்தால் அவருக்குப் பல மடங்கு வருமானம் வந்திருக்கும் என்பதை எண்ணும்போது, இந்தத் தொகை குறைவு என்றே தோன்றுகிறது. இதையும் கொடுக்க இயலாதவர்கள் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை நாடலாம். பெண்களும் பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பு பாராமல் இலவச உதவி பெறலாம், 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். ஆனால் ஐ.பி. வழக்குகளைத் தொடர்ந்து நடத்திய அனுபவமுள்ளவரே அங்கும் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது.

செல்பவர்கள் கடன் ஒப்பந்த நகல்கள், வந்த அறிவிப்புகள், கடைசி இரண்டாண்டில் பதிவு செய்த பத்திரங்களின் நகல், சிபில் அறிக்கை, கொடுத்த காசோலைகளின் எண்கள் ஆகியவற்றோடு, கணவன் மனைவி இருவருமே செல்வது நல்லது. சனிக்கிழமைகளில் கூட்டம் குறைவு.