டேட்டாவும் சமூக நீதியும்: மதுரை ஞாயித்துக்கிழமை வகுப்பு பத்தி என் அனுபவம்

எட்டு ஞாயிறு, காலைல பத்து மணில இருந்து சாயங்காலம் நாலு வரைக்கும், ஃபீஸ் 3500 ரூபா, மதிய சாப்பாடு அதுலயே அடக்கம். நான் திண்டுக்கல்ல ஒரு ஜவுளிக்கடைல கணக்கு பாக்குறேன், டாலி எக்ஸெல் தெரியும், கோடிங் சுத்தமா தெரியாது. சேர்ந்ததுக்கு ஒரே காரணம் எங்கம்மாதான். அவங்களுக்கு நூறு நாள் வேலை சம்பளம் நாலு மாசமா ஏறல, யாரைக் கேட்டாலும் "சிஸ்டத்துல நிக்குது"ங்கிறாங்க, அந்த சிஸ்டம்னா என்னன்னு தெரிஞ்சுக்காம விடக்கூடாதுன்னு பஸ் ஏறிட்டேன்.

முதல் நாள் கம்ப்யூட்டரையே தொறக்கல. 1900ல பாரிஸ் கண்காட்சிக்காக டு பாய்ஸ்ங்கிற கறுப்பின அமெரிக்க சமூகவியல் அறிஞரும் அவரோட அட்லாண்டா பல்கலைக்கழக மாணவர்களும் கையால வரைஞ்சு கலர் அடிச்ச சார்ட்டுகளை பிரிண்ட் போட்டு மேசைல பரப்பி வச்சிருந்தாங்க. அமெரிக்காவுல அடிமை முறை ஒழிஞ்சு 35 வருஷம்தான் ஆகியிருந்த நேரம், கறுப்பின மக்கள் எவ்ளோ நிலம் வாங்கியிருக்காங்க, எத்தனை பேர் எழுதப் படிக்கக் கத்துக்கிட்டாங்கன்னு உலகத்துக்கே காட்டியிருக்காங்க. அதுல ஒரு சார்ட்ல சிவப்புக் கோடு நத்தை ஓடு மாதிரி சுருண்டு கிடக்கும், அதையே ரொம்ப நேரம் பாத்துட்டு இருந்தேன். தினமும் பத்து சார்ட் போடுறவன் நான், ஒரு தடவை கூட இது யாருக்காகன்னு யோசிச்சதில்ல.

அடுத்தடுத்த வாரம் முகத்தை பாத்து ஆணா பொண்ணான்னு சொல்ற சாஃப்ட்வேர் பத்தி 2018ல ஜாய் புவலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் செஞ்ச ஆய்வு (வெளுத்த தோல் ஆண்களுக்கு தப்பு 0.8 சதவீதத்தை தாண்டல, கறுத்த பெண்களுக்கு 34.7 வரைக்கும் போயிருக்கு), அப்புறம் நெதர்லாந்துல குழந்தை பராமரிப்பு உதவித்தொகை வாங்குன ஆயிரக்கணக்கான குடும்பங்களை கம்ப்யூட்டர் கணிப்பையும் வச்சு மோசடிக்காரங்கன்னு முத்திரை குத்தி கடைசில 2021 ஜனவரில அரசாங்கமே ராஜினாமா பண்ண கதை. நல்லா நடத்துனாங்க, ஆனா எனக்கு மனசுல நிக்கிறது ஆறாவது வாரம்தான்.

அன்னிக்கு மதுரைக்கு வெளிய ஒரு ஊருக்கு கூட்டிட்டுப் போனாங்க. அதுக்கு முந்தின வாரமே நூறு நாள் வேலை வெப்சைட்ல மாவட்டம், ஒன்றியம், ஊராட்சின்னு ஒவ்வொண்ணா உள்ள போயி வேலை அட்டை வாரியா யாருக்கு எத்தனை நாள் பதிவாகியிருக்குன்னு எடுத்து தமிழ்ல பெரிய எழுத்துல பிரிண்ட் போட்டு வச்சிருந்தோம். வேப்பமரத்தடில உக்காந்து ஒவ்வொரு பேரா சத்தமா வாசிச்சோம், அவ்ளோதான். ஒரு பேருக்கு ஆறு நாள்னு வாசிச்சதும் தூக்குச்சட்டியோட நின்ன ஒரு அக்கா "அந்த வாரம் பூரா மக பிரசவத்துக்கு பெரியாஸ்பத்திரில கிடந்தேன், ஆறு நாள் எங்குட்டு வந்துச்சு?"ன்னு கேட்டாங்க. கூட்டமே ஒரு நிமிஷம் கப்சிப். அப்புறம் பின்னாடி இருந்து ஒரு தாத்தா, நாலு நாள் மண்ணு வெட்டுனேன், எனக்கு சைபர்ங்கிறியேன்னாரு. இதையேதான் 1994ல ராஜஸ்தான் கோட் கிரானாவுல மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்ங்கிற கூலித் தொழிலாளர், விவசாயிகள் அமைப்புக்காரங்க ஜன் சுன்வாய்னு (மக்கள் விசாரணை) நடத்தியிருக்காங்க, பில்லையும் வேலை பதிவேட்டையும் ஊர் முன்னாடி வாசிச்சிருக்காங்க, தகவல் உரிமைச் சட்டம் 2005ல வந்ததுக்கு அந்தப் போராட்டம் ஒரு பெரிய காரணம்னு திரும்பி வர்றப்ப வேன்ல சொன்னாங்க. வகுப்புல உக்காந்து கேட்டிருந்தா இவ்ளோ ஒறைச்சிருக்காது.

அம்மா விஷயத்துக்கு வர்றேன். 2024 ஜனவரி 1ல இருந்து சம்பளம் ஆதார் வழியாத்தான்னு கட்டாயம் ஆக்கிட்டாங்க. எங்கம்மா ஆதார்ல முத்துலட்சுமி, வேலை அட்டைல முத்துலெட்சுமி, இங்கிலீஷ்ல அடிக்கிறப்ப ஒண்ணுல கே எஸ், இன்னொண்ணுல டி சி எச்னு ஆயிடுது. நம்ம ஊர்ல ரெண்டும் ஒரே பேருதான், மெஷினுக்கு ரெண்டு பொம்பளைங்க. எழுத்து எழுத்தா பாக்காம ஒலியை வச்சு பேரை ஒப்பிடுறது எப்டின்னு ஏழாவது வாரம் சொல்லிக் குடுத்தாங்க, எங்க ஊராட்சி லிஸ்ட்டை வச்சே செஞ்சு பாத்தேன், அம்மா மாதிரி இன்னும் பதினொரு பேரு சிக்குனாங்க. பன்னெண்டு பேருக்கும் ரெண்டு பிரிண்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சு மனு குடுத்தோம். ஏழு பேருக்கு பணம் ஏறிடுச்சு, அம்மாவுக்கும்தான். மீதி அஞ்சு பேருக்காக இன்னும் அலைஞ்சுட்டு இருக்கேன்.

குறையும் சொல்லணும். ஸ்லைடு முக்கால்வாசி இங்கிலீஷ். பைத்தான்ங்கிற கோடிங் மொழியை ரெண்டே வாரத்துல ஓட்டிட்டாங்க, உசிலம்பட்டி பக்கம் இருந்து வந்த சுய உதவிக்குழு அக்காங்க ரெண்டு பேர் அதோட நின்னுட்டாங்க, அவங்க நின்னது எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா இந்த வகுப்பே அவங்களுக்குத்தான் மொதல்ல போய்ச் சேரணும். இன்னொண்ணு, நாங்க வீடு வீடா எடுத்த சர்வேல சாதி, போன் நம்பர் எல்லாம் இருந்துச்சு, அந்த ஷீட் லிங்க் கிடைச்சா யாரு வேணா தொறக்கலாம்ங்கிற மாதிரி விட்டுட்டாங்க. நான் எந்திரிச்சு கேட்டேன். அன்னிக்கே மூடிட்டு, அடுத்த வாரம் ஒரு மணி நேரம் அதைப் பத்தியே பேசுனாங்க, தப்புன்னு ஒத்துக்கிட்டாங்க, அது எனக்குப் பிடிச்சிருந்துச்சு.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன். எக்ஸெல் ஓரளவு தெரிஞ்சா போதும், பைத்தான் வாரத்துக்கு முன்னாடி மட்டும் கொஞ்சம் வீட்டுல பாத்துட்டுப் போங்க. ஒரு பேட்ச்சுக்கு 25 சீட்டு. லேப்டாப் இல்லாதவங்களுக்கு அங்கயே ஆறு வச்சிருக்காங்க, சேர்றப்பவே சொல்லிடணும், ஃபீஸை ரெண்டு தவணையா கட்டவும் விடுறாங்க.